ரத்தக்கட்டி சிவப்பா, வெள்ளையா? பக்கவாதமும் எம்.ஆர்.ஐ. ஸ்கேனும்

வில்லியனூர், பாகூர் பக்கம் பக்கவாதம் என்று யாரும் சொல்வதில்லை. "கை கால் இழுத்துக்கிச்சு", "வாய் கோணிக்கிச்சு" என்பார்கள். கொஞ்சம் வயதானவர்கள் "வாதம் அடிச்சிடுச்சு" என்பார்கள். அடுத்த பேச்சே எந்த ஊர் எண்ணெய் நல்லது, யார் நன்றாக உருவி விடுவார் என்பதாக இருக்கும். புறா ரத்தம் தேய்த்தால் மரத்துப்போன கை கால் மீண்டும் வேலை செய்யும் என்ற நம்பிக்கையும் தமிழ்நாட்டிலும் புதுச்சேரியிலும் பல கிராமங்களில் உண்டு.

வேடிக்கை என்னவென்றால், விஷயம் ரத்தத்தில்தான் இருக்கிறது என்ற அளவில் அந்த நம்பிக்கை சரிதான். ஆனால் அது புறாவின் ரத்தம் இல்லை, நோயாளியின் சொந்த ரத்தம். தோலின் மேலே இல்லை, மூளைக்குப் போகும் குழாயின் உள்ளே.

பக்கவாதம் இரண்டு வகை. குழாய் வெடித்து ரத்தம் கசிவது ஒன்று, குழாய் அடைத்துக்கொள்வது இன்னொன்று. பெரும்பாலானவை இரண்டாவது வகை. அந்த அடைப்பைச் செய்வது ஒரு ரத்தக்கட்டி, சில மில்லிமீட்டர் நீளம்தான் இருக்கும். அது எதனால் ஆனது என்ற கேள்விக்கு பதில் தேடி மருத்துவ உலகம் கிட்டத்தட்ட 180 வருடங்களைச் செலவழித்திருக்கிறது. அந்தக் கதைதான் இது.

பிணவறையில் கிடைத்த முதல் பதில்

புதுச்சேரிக்கும் மருத்துவத்துக்கும் பழைய உறவு உண்டு. பிரெஞ்சு அரசு இங்கே மருத்துவப் பள்ளி தொடங்கியது 1823ல். அதுதான் பிறகு தன்வந்தரி மருத்துவக் கல்லூரி ஆகி, 1964 ஜூலை 13ல் குடியரசுத் தலைவர் ராதாகிருஷ்ணன் திறந்து வைத்த ஜிப்மர் ஆனது. அந்தப் பள்ளி தொடங்கியபோது, ஜெர்மனியில் ருடால்ஃப் விர்ஷோ சின்னக் குழந்தை. அவர் பிறந்தது 1821.

அந்தக் காலத்தில் பாரிஸ் மருத்துவர்களுக்குத்தான் உலகத்தில் மரியாதை. அவர்களில் பெரியவரான குருவெய்யே, ரத்தக்குழாயின் அழற்சிதான் பெரும்பாலான நோய்களுக்குக் காரணம், ரத்தம் உறைவதும் அதனால்தான் என்று சொல்லி வந்தார். பெர்லினில் வேலை பார்த்த இளைஞர் விர்ஷோ 1840களில் இதைச் சோதித்துப் பார்த்தார். நுரையீரலின் குழாயில் கிடைக்கும் ரத்தக்கட்டி அங்கேயே உண்டானதா, வேறு எங்கிருந்தாவது வந்ததா? நாய்களின் கழுத்துச் சிரையில் ரப்பர் துண்டுகளையும் ரத்தக்கட்டிகளையும் வைத்துப் பார்த்தார். அவை ஓட்டத்தோடு போய் நுரையீரலில் சிக்கின. ஆக, கட்டி ஓர் இடத்தில் பிறந்து இன்னோர் இடத்துக்குப் பயணம் போகும்! இந்தப் பயணத்துக்கு அவர் வைத்த பெயர்தான் எம்போலிசம். இருந்த இடத்திலேயே உறைவதற்கு த்ராம்போசிஸ் என்ற பெயரைப் பரப்பியவரும் அவரே.

1882ல் இத்தாலியரான ஜூலியோ பிட்சொட்சேரோ ரத்தத் தட்டணுக்களின் வேலையைக் காட்டினார். குழாயில் காயம் பட்டால் முதலில் ஓடிவந்து ஒட்டிக்கொள்வது அவைதான். அதற்குப் பிறகு படம் தெளிவானது. ரத்தக்கட்டியில் மூன்று சரக்குகள் முக்கியம்: சிவப்பணுக்கள், தட்டணுக்கள், ஃபைப்ரின் என்ற நூல் போன்ற புரதம். சிவப்பணு அதிகம் சிக்கியிருந்தால் கட்டி சிவப்பாக இருக்கும். தட்டணுவும் ஃபைப்ரினும் அதிகமானால் வெளுத்து, கெட்டியாக இருக்கும்.

எல்லாம் சரி. ஆனால் இதையெல்லாம் பார்க்க ஆள் இறந்திருக்க வேண்டும். பிணப் பரிசோதனை மேசைதான் ஒரே ஜன்னல். உயிரோடு இருப்பவருக்கு அந்த அறிவால் ஒரு பைசா பிரயோஜனம் இல்லை. இந்த நிலை நூறு வருடத்துக்கும் மேல் அப்படியே நீடித்தது.

ரத்தத்தில் இருக்கும் இரும்பு

வழி திறந்தது எதிர்பாராத இடத்திலிருந்து, காந்தத்திலிருந்து.

1845ல் மைக்கேல் ஃபாரடே கையில் கிடைத்த பொருளையெல்லாம் காந்தத்தின் அருகே தொங்கவிட்டுப் பார்த்துக்கொண்டிருந்தார். உலர்ந்த ரத்தத்தையும் பார்த்தார். இரும்பு இருக்கிறதே, காந்தம் இழுக்கும் என்று எதிர்பார்க்கலாம். இழுக்கவில்லை, லேசாகத் தள்ளியது. புதிய ரத்தத்தையும் சோதிக்க வேண்டும் என்று குறித்து வைத்தார்.

அந்தக் குறிப்புக்கு 91 வருடம் கழித்து உயிர் வந்தது. 1936ல் அமெரிக்காவில் லைனஸ் பாலிங், சார்ல்ஸ் கோரியல் இருவரும் ரத்தத்தின் நிறமியான ஹீமோகுளோபினை அளந்தார்கள். ஆக்சிஜன் ஏற்றிக்கொண்டிருக்கும்போது காந்தம் அதை ஈர்ப்பதில்லை. ஆக்சிஜனை இறக்கி வைத்ததும் ஈர்க்கிறது! அதே இரும்பு, அதே மூலக்கூறு. சுமை ஏற்றிய வண்டிக்கு ஒரு குணம், இறக்கிய வண்டிக்கு வேறு குணம். அதற்கு எம்.ஆர்.ஐ.யில் ஒரு பயன் இருக்கும் என்று அப்போது யாருக்கும் தெரியாது. ஏனென்றால் எம்.ஆர்.ஐ. என்ற ஒன்றே அப்போது இல்லை.

உயிரோடு இருப்பவரின் மூளைக்குள் எட்டிப் பார்க்க உதவிய கருவி சி.டி. ஸ்கேன். காட்ஃப்ரே ஹவுன்ஸ்ஃபீல்ட் செய்த அந்த மெஷினில் 1971 அக்டோபர் 1ல் லண்டனில் முதல் நோயாளியைப் படம் எடுத்தார்கள். 1973ல் பால் லாட்டர்பர் காந்தத்தையும் ரேடியோ அலையையும் கொண்டு படம் எடுக்கும் முறையை வெளியிட்டார். அதை வேகப்படுத்திய பீட்டர் மான்ஸ்ஃபீல்டுக்கும் அவருக்கும் 2003ல் நோபல் பரிசு கிடைத்தது.

எம்.ஆர்.ஐ. வேலை செய்யும் விதத்தைச் சுருக்கமாகச் சொன்னால் இப்படி. உடம்பில் எங்கும் தண்ணீர். தண்ணீரில் ஹைட்ரஜன். பலமான காந்தத்துக்குள் அவற்றை வரிசையில் நிற்க வைத்து, ரேடியோ அலையால் ஒரு தட்டு தட்டிவிட்டு, அவை பழைய நிலைக்குத் திரும்பும்போது தரும் சிக்னலைக் கேட்கிறது மெஷின். ஆஸ்பத்திரிகளில் சாதாரணமாக இருக்கும் 1.5 டெஸ்லா மெஷினின் காந்தப்புலம், பூமியின் காந்தப்புலத்தைப் போல சுமார் 30,000 மடங்கு.

இப்போது பாலிங்கின் கண்டுபிடிப்பை இதோடு சேர்த்துப் பாருங்கள். அடைப்பில் சிக்கிய சிவப்பணுக்கள் சிறிது நேரத்தில் ஆக்சிஜனை இழந்துவிடும். இழந்ததும் ஒவ்வொன்றும் ஒரு குட்டிக் காந்தம் மாதிரி நடந்துகொண்டு சுற்றியுள்ள புலத்தைக் கலைக்கும். கலைந்த இடத்தில் சிக்னல் செத்துப்போகும். படத்தில் அங்கே கறுப்பு விழும். இப்படிப்பட்ட கலைப்பைப் பிடிப்பதற்கென்றே எடுக்கும் படத்துக்கு டி2 ஸ்டார் என்று பெயர். சிவப்புக் கட்டி அதில் குழாயின் அகலத்தையும் தாண்டிப் பரவிய கறுப்புப் பொட்டாகத் தெரியும். வெள்ளைக் கட்டியில் இரும்பு குறைவு, அதனால் கறுப்பும் விழாது.

மருந்து வந்த பிறகுதான் கேள்விக்கு மதிப்பு வந்தது

தெரிந்துகொண்டு என்ன செய்வது? நியாயமான கேள்வி. 1995 வரை பதில், 'ஒன்றும் செய்ய முடியாது' என்பதுதான்.

1995 டிசம்பரில் அமெரிக்காவில் 624 நோயாளிகளிடம் நடத்திய சோதனையின் முடிவு வந்தது. பக்கவாதம் தொடங்கி 3 மணி நேரத்துக்குள் டி.பி.ஏ. என்ற ஊசியைப் போட்டால், மூன்று மாதம் கழித்து ஊனம் இல்லாமலோ மிகக் குறைந்த ஊனத்தோடோ இருக்கும் வாய்ப்பு குறைந்தது 30 சதவீதம் கூடியது. ஆனால் நட்டக் கணக்கும் உண்டு. நிலைமையை மோசமாக்கும் மூளை ரத்தக்கசிவு, மருந்து போடாதவர்களில் 0.6 சதவீதம், போட்டவர்களில் 6.4 சதவீதம். 2008ல் வந்த ஐரோப்பியச் சோதனை இந்த நேரத்தை நாலரை மணி வரை நீட்டியது.

டி.பி.ஏ. என்ன செய்கிறது? ரத்தத்தில் ஏற்கெனவே தூங்கிக்கொண்டிருக்கும் ஒரு நொதியை எழுப்பி விடுகிறது. அது ஃபைப்ரின் நூல்களை அறுக்கிறது. சிவப்பணு நிறைந்த கட்டியில் நூல் வலை தளர்வாக இருப்பதால் மருந்து உள்ளே இறங்கும். தட்டணுவும் ஃபைப்ரினும் இறுகிய கட்டியில் அவ்வளவு சுலபமாக இறங்காது. நீளமும் முக்கியம். 8 மில்லிமீட்டருக்கு மேல் நீளமான கட்டி ஊசியால் மட்டும் கரைவது அரிது என்று 2011ல் ஜெர்மன் ஆராய்ச்சியாளர்கள் காட்டினார்கள்.

ஊசி கைகொடுக்காத இடத்தில் கம்பி வந்தது. தொடையில் உள்ள தமனி வழியாக மெல்லிய குழாயை மூளை வரை அனுப்பி, கட்டியைப் பிடித்து வெளியே இழுக்கும் முறை. இதற்கான முதல் கருவிக்கு அமெரிக்காவில் 2004ல் அனுமதி கிடைத்தது. ஆரம்பத்தில் பலன் பற்றிச் சந்தேகம் இருந்தது. நெதர்லாந்தில் 500 பேரிடம் நடந்த சோதனை 2015 ஜனவரியில் அச்சில் வந்தபோது சந்தேகம் தீர்ந்தது. பிறர் உதவி இல்லாமல் வாழ்ந்தவர்கள் கம்பி வைத்தியம் பெற்றவர்களில் 32.6 சதவீதம், பெறாதவர்களில் 19.1 சதவீதம்.

இந்தக் கம்பி இன்னொரு உபகாரமும் செய்தது. உயிரோடு இருப்பவரின் மூளையிலிருந்து எடுத்த கட்டி டாக்டரின் கையில்!

படமும் கட்டியும் நேருக்கு நேர்

எம்.ஆர்.ஐ.யில் தெரியும் அந்தக் கறுப்புப் பொட்டைப் பற்றி 2000ல் ஜெர்மனியிலிருந்து விரிவான கட்டுரை வந்தது. 2005ல் கொரியாவிலிருந்து வந்த ஆய்வு, இதயத்திலிருந்து வந்த கட்டிகளில் இந்தப் பொட்டு அதிகம் தெரிகிறது என்றது. ஆனால் பொட்டு நிஜமாகவே சிவப்பணுவால்தான் வருகிறதா? அதற்குச் சாட்சி வேண்டுமே.

2006ல் அமெரிக்காவில் 25 நோயாளிகளிடமிருந்து இழுத்து எடுத்த கட்டிகளை மைக்ரோஸ்கோப்பில் பார்த்தார்கள். சிவப்பு, வெள்ளை என்ற எளிய பிரிவினை அங்கேயே ஆட்டம் கண்டது. பெரும்பாலான கட்டிகள் கலவைதான். அடுக்கடுக்காக, ஒரு வரி ஃபைப்ரின், ஒரு வரி சிவப்பணு.

2011ல் லாஸ் ஏஞ்சலீஸில் டேவிட் லீப்ஸ்கைண்ட் குழுவினர் 50 பேரின் ஸ்கேன் படத்தையும் அவர்களிடமிருந்து எடுத்த கட்டியையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தார்கள். சராசரியாக ஒரு கட்டியில் 61 சதவீதம் ஃபைப்ரின், 34 சதவீதம் சிவப்பணு, 4 சதவீதம் வெள்ளையணு. கறுப்புப் பொட்டு தெரிந்த கட்டிகளில் சிவப்பணு 42 சதவீதம், தெரியாதவற்றில் 23 சதவீதம். விர்ஷோ பிணவறையில் பார்த்ததை, இப்போது சிகிச்சைக்கு முன்பே ஓரளவு ஊகிக்க முடியும் என்று ஆனது.

'ஓரளவு' என்ற சொல்லைக் கவனிக்க வேண்டும். கொரிய ஆய்வின்படி பார்த்தால் இதயக் கட்டியில் சிவப்பணு அதிகம் இருக்க வேண்டும். ஆனால் பிறகு வந்த சில மைக்ரோஸ்கோப் ஆய்வுகள் இதயத்திலிருந்து வரும் கட்டியில் ஃபைப்ரின்தான் அதிகம் என்கின்றன. கட்டியின் வயது, மெஷினின் பலம், படம் எடுத்த முறை எல்லாம் பொட்டின் அளவை மாற்றும். அதனால்தான் பொட்டு உண்டா இல்லையா என்று பார்ப்பதோடு நிற்காமல், கட்டி காந்தப்புலத்தை எவ்வளவு கலைக்கிறது என்பதை எண்ணாகவே அளக்கும் முறைகளை ஆராய்ந்து வருகிறார்கள். இவை இன்னும் ஆராய்ச்சிக் கூடத்தின் சரக்கு. அவசர சிகிச்சைப் பிரிவில் எல்லோருக்கும் செய்யும் சோதனை அல்ல.

தமிழ்நாட்டின் ஒரு பழைய பாடம்

ரத்தக்கட்டி ஆராய்ச்சி என்றாலே வெளிநாடு என்று நினைக்க வேண்டாம். கே. சீனிவாசன் என்ற தமிழ்நாட்டு நரம்பியல் மருத்துவர், கர்ப்ப காலத்திலும் பிரசவத்துக்குப் பிறகும் மூளைக் குழாய் அடைத்துக்கொண்ட 135 பெண்களைப் பற்றி 1983ல் எழுதிய கட்டுரை இன்றும் மேற்கோள் காட்டப்படுகிறது. இங்கே பல பெண்களுக்கு அடைத்தது மூளைக்கு ரத்தம் கொண்டுபோகும் தமனி இல்லை, மூளையிலிருந்து ரத்தத்தை வெளியே கொண்டுவரும் சிரை.

பிள்ளை பெற்றவளுக்குத் தண்ணீர் கொடுக்கக் கூடாது என்ற பத்தியம் கிராமங்களில் இருந்தது தெரிந்ததே. இந்திய டாக்டர்கள் அதையும் சந்தேகப் பட்டியலில் வைத்தார்கள். தண்ணீர் குறைந்தால் ரத்தம் கெட்டியாகும். பிரசவத்தை ஒட்டி ரத்தம் உறையும் தன்மை எப்படியும் கூடியிருக்கும். இரண்டும் சேர்ந்தால்?

இந்த வகை அடைப்பில் எம்.ஆர்.ஐ. கட்டியின் வயதையே சொல்லும். முதல் சில நாட்கள் அது கறுப்பாகத் தெரியும். ஒரு வாரம் ஆகும்போது ஹீமோகுளோபின் வேறு வடிவத்துக்கு மாறி, வெள்ளையாக மின்னும். பிரசவம் ஆன சில நாட்களில் தலைவலி, வலிப்பு என்று வரும் பெண்ணைப் 'பேய் பிடித்தது' என்று ஒதுக்காமல் ஸ்கேன் எடுக்கச் சொல்வது இதனால்தான். சரியான நேரத்தில் கண்டுபிடித்தால் பெரும்பாலானவர்கள் நன்றாகக் குணமாகிவிடுகிறார்கள்.

வில்லியனூருக்கும் பாகூருக்கும் இதனால் என்ன?

புதுச்சேரியின் கிராமக் கொம்யூன்களுக்கு ஒரு விசேஷம் உண்டு. பெயர்தான் கிராமம். வில்லியனூர் கொம்யூனில் அரியூரிலும், பாகூர் கொம்யூனில் கிருமாம்பாக்கம், பிள்ளையார்குப்பத்திலும் மருத்துவக் கல்லூரிகளே இருக்கின்றன. ஜிப்மரின் கிராமப்புற சுகாதார மையம் ராமநாதபுரத்தில் இருக்கிறது. வில்லியனூரிலிருந்து புதுச்சேரி நகரம் பத்து கிலோமீட்டர்தான். பாகூரிலிருந்து இருபது சொச்சம். இந்தியாவின் எத்தனையோ மாவட்டங்களில் இப்படி இல்லை.

அப்படியானால் பாகூர் ஏரிப் பாசனத்தில் நாற்று நடும் ஒருவருக்குக் கை இழுத்துக்கொண்டால் அவர் பிழைத்துக்கொள்வார் என்றுதானே அர்த்தம்? இல்லை. தூரம் கிலோமீட்டரில் இல்லை, கடிகாரத்தில் இருக்கிறது.

காமர்ஸ் படிக்கிறவர்களுக்குத் தேய்மானம் தெரியும். ஒரு மெஷினுக்கு வருடத்துக்கு இவ்வளவு என்று கழிப்போம். பெரிய குழாய் அடைத்த மூளைக்குத் தேய்மானம் நிமிடத்துக்கு 19 லட்சம் நியூரான். அமெரிக்க மருத்துவர் ஜெஃப்ரி சேவர் 2006ல் போட்ட கணக்கு இது. எண்ணெய் தேய்த்துப் பார்ப்போம் என்று ஒரு மணி நேரம் போனால் 11 கோடிக்கு மேல் போயிற்று. இந்தச் சொத்தை மறுபடி வாங்க எந்தக் கடையும் இல்லை.

ராத்திரி நன்றாகத் தூங்கப் போய், விடியற்காலையில் எழுந்தால் கை வரவில்லை என்பவர்கள் இன்னொரு கூட்டம். எப்போது தொடங்கியது என்று தெரியாததால் இவர்களுக்கு ஊசி போட முடியாமல் இருந்தது. 2018ல் ஐரோப்பாவில் 503 பேரிடம் நடந்த சோதனை இவர்களுக்கும் ஒரு வழி காட்டியது. எம்.ஆர்.ஐ.யில் ஒருவகைப் படத்தில் பாதிப்பு தெரிந்து, இன்னொரு வகைப் படத்தில் இன்னும் தெரியவில்லை என்றால், அடைப்பு சமீபத்தியது என்று அர்த்தம். அப்படிப்பட்டவர்களுக்கு ஊசி போட்டதில் நன்றாகத் தேறியவர்கள் 53.3 சதவீதம். போடாதவர்களில் 41.8 சதவீதம். காந்தமே கடிகாரமாகவும் வேலை செய்திருக்கிறது!

ஆனால் எம்.ஆர்.ஐ.க்கும் எல்லை உண்டு. நேரம் அதிகம் எடுக்கும். சில வகை பேஸ்மேக்கரோ உலோகத் துண்டோ உடம்பில் இருந்தால் எடுக்க முடியாமல் போகலாம். அதனால் பெரும்பாலான இடங்களில் முதலில் எடுப்பது சி.டி.தான். கசிவா அடைப்பா என்று அது சில நிமிடத்தில் சொல்லிவிடும். கட்டி சிவப்பா வெள்ளையா என்பது அதற்கு அடுத்த கேள்வி. அந்தக் கேள்வியைக் கேட்கும் நிலையில் நோயாளி வந்து சேர வேண்டும், அதுதான் விஷயம்.

விர்ஷோவுக்குப் பதில் கிடைத்தது நோயாளி இறந்த பிறகு. 2006ல் பதில் கிடைத்தது கட்டியை வெளியே எடுத்த பிறகு. இன்று ஓரளவு பதில் சிகிச்சைக்கு முன்பே கிடைக்கிறது. ஒவ்வொரு தலைமுறையும் பதிலைக் கொஞ்சம் கொஞ்சமாக முன்னே இழுத்துக் கொண்டுவந்திருக்கிறது. மீதி இருக்கும் தூரம் வீட்டுத் திண்ணையிலிருந்து ஸ்கேன் அறை வரை. அதை எந்த விஞ்ஞானியும் குறைக்க முடியாது, கூட இருப்பவர்கள்தான் குறைக்க வேண்டும்.

அதற்குப் பெரிய படிப்பு தேவையில்லை. முகம் ஒரு பக்கம் கோணுகிறதா, தூக்கிய கைகளில் ஒன்று கீழே இறங்குகிறதா, பேச்சு குழறுகிறதா என்று பார்க்க வேண்டும். ஒன்று இருந்தாலும் உடனே 108. கடைசியாக எத்தனை மணிக்கு நன்றாக இருந்தார் என்பதைக் குறித்துக்கொள்ள வேண்டும், டாக்டர் கேட்கும் முதல் கேள்விகளில் அதுவும் ஒன்று. வாயில் தண்ணீரோ சோறோ கொடுக்கக் கூடாது, புரையேறி நுரையீரலுக்குப் போய்விடும். ஸ்கேன் எடுக்கும் முன் ஆஸ்பிரின் மாத்திரையும் கூடாது. கசிவாக இருந்தால் அது விஷம் மாதிரி.

எண்ணெய் எங்கேயும் ஓடிப்போகாது. பிறகு தேய்த்துக்கொள்ளலாம்.